நாலு கோரும் ஒரு தராசும்

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த நாளை எல்லாரும் ஏதோ ஒரு விஷயத்தால ஞாபகம் வைத்திருப்பார்கள். கொழும்பில் இருந்தவர்களுக்கு அது மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் திரண்ட இரவு. எனக்கு அது, 33 நிமிஷம் ஓடியிருந்த ஒரு சிமுலேஷன், முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது செத்துப்போன நாள்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் வீடு பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் கடைசிக் காம்பரா. யன்னலைத் திறந்தால் நமுனுகுல மலை. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க பதுளை டவுனுக்கு பஸ் ஏறி, பிறகு எப்படியோ பொறியியல் பீடம் வரைக்கும் போய்விட்டேன். கடைசி வருஷம் ப்ரொஜெக்ட் செய்கிற நேரம் பார்த்து நாட்டில் டீசலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கெம்பஸ் ஒன்லைனுக்குப் போனது, நான் லயத்துக்கு வந்தேன். கையில் இருந்தது யாரோ பாவித்துவிட்டு விற்ற லெப்டொப். இரண்டு கோர், நாலு ஜிபி ராம், சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். பற்றரி 50 நிமிஷம் தாங்கும். அதுவும் மனது வைத்தால்தான்.

ப்ரொஜெக்ட் எங்கள் தோட்டத்தில் இருந்தே வந்தது. பெக்டரிக்குக் கீழே ஓடுகிற ஆற்றோரம் ஒரு பழைய டர்பைன் துருப்பிடித்துக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மலைநாட்டில் நிறைய தேயிலை பெக்டரிகள் ஆற்றுத் தண்ணீரில்தான் மெஷின் ஓட்டின. பிறகு லைன் கரண்ட் வந்தது, டர்பைனைக் கைவிட்டார்கள். 1990களிலும் 2000களிலும் கரண்ட் போகாத மலைக் கிராமங்களில் சின்னச் சின்ன நீர்மின் திட்டங்கள் செய்தபோது, சாதாரண தூண்டல் மோட்டரையே ஜெனரேட்டராகத் திருப்பிப் பாவித்தார்கள். மலிவு, ரிப்பேர் செய்வதும் சுலபம். ஒரு பிரச்சினை மட்டும் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு லயம் முழுக்க லைட்டை அணைத்தால் சுமை திடீரென்று குறையும். தண்ணீர் அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். டர்பைன் எகிறும், வோல்ட்டேஜ் எகிறும், மிச்சம் எரிந்துகொண்டிருக்கிற பல்புகள் போய்விடும். அதைத் தடுக்க ஒரு சுமைக் கட்டுப்படுத்தி வேண்டும். மிஞ்சுகிற மின்சாரத்தை ஒரு ஹீட்டருக்குத் திருப்பி, தண்ணீரைச் சுட வைத்து, மொத்தச் சுமை மாறாமல் பார்த்துக்கொள்கிற சுற்று. அதைத்தான் நான் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். செய்வதற்கு முதல் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பாவித்த மென்பொருள் என்ஜிஸ்பைஸ். இலவசம், லெப்டொப்பில் இடமும் பிடிக்காது. அதன் மூதாதையான ஸ்பைஸ் 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் குழுவில் லோரன்ஸ் நேகல் என்ற மாணவர் எழுதியது. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, உள்ளே நடக்கிற வேலை பெரிதாக மாறவில்லை. நேரத்தைச் சின்னச் சின்ன அடிகளாக வெட்டும். ஒவ்வொரு அடியிலும் முதலில் ஒவ்வொரு திரான்சிற்றரும் டையோடும் எவ்வளவு மின்னோட்டம் விடும் என்று கணக்குப் பார்க்கும். அதையெல்லாம் ஒரு பெரிய தாயத்தில், அதாவது மேட்ரிக்ஸில் போட்டுத் தீர்க்கும். விடை நிலைக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டு அடுத்த அடிக்குப் போகும்.

என்னுடைய சுற்று ரொம்பச் சின்னது. நாலைந்து சுவிட்சிங் திரான்சிற்றர், கொஞ்சம் டையோட், தடைகள், கொள்ளளவிகள். டர்பைன் சுழல்கிற கனத்தைக்கூட ஒரு பெரிய கொள்ளளவியாக எழுதிக்கொண்டேன், கணக்கு ஒன்றுதான். ஆனால் திரான்சிற்றர் செக்கனுக்கு 5,000 தரம் திறந்து மூடுகிறது. அதைச் சரியாகப் பிடிக்க அடி 0.5 மைக்ரோசெக்கனுக்கு மேல் போகக்கூடாது. டர்பைன் எகிறி அடங்குவதைப் பார்க்க முழுதாக இரண்டு செக்கன் வேண்டும். இரண்டு செக்கனை 0.5 மைக்ரோசெக்கனால் வகுத்தால் 40 இலட்சம் அடிகள். ஒரு தரம் ஓட 40 நிமிஷம்.

ஒரு தரம் ஓடினால் போதாது. மூன்று விதமான கொள்ளளவி, நாலு விதமான கட்டுப்பாட்டுப் பெருக்கம், மூன்று விதமான சுமை இழப்பு. மொத்தம் 36 சேர்க்கை. 36ஐ 40 நிமிஷத்தால் பெருக்கினால் சரியாக ஒரு நாள். நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்டில் எனக்கு 24 மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டும்!

அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. டாஸ்க் மெனேஜரைத் திறந்தால் நாலு கட்டம் தெரிகிறது, மூன்று சும்மா கிடக்கிறது. நாலையும் வேலைக்கு விட்டால் 40 நிமிஷம் 10 நிமிஷமாகும் இல்லையா? கையேட்டைத் தேடினேன். என்ஜிஸ்பைஸில் எத்தனை த்ரெட் பாவிக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு வரி இருக்கிறது. நாலு என்று போட்டேன். ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன்.

41 நிமிஷம். ஒரு நிமிஷம் கூடியிருந்தது.

கையேட்டை அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். (நாங்கள் எல்லாரும் இந்த வரிசையில்தான் வாசிக்கிறோம்.) என்ஜிஸ்பைஸ் எல்லா வேலையையும் பங்கு பிரிப்பதில்லை. திரான்சிற்றர் ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்கிற பகுதியை மட்டும்தான் பிரிக்கிறது. அதுவும் சிப்புக்குள் இருக்கிற திரான்சிற்றர்களுக்கான பிஸிம் போன்ற சில மொடல்களுக்குத்தான். தாயத்தைத் தீர்ப்பது ஒரே ஆள். கையேட்டில் ஒரு சோதனை போட்டிருந்தார்கள். சுமார் 15,000 திரான்சிற்றர் உள்ள சுற்று, நாலு கோர் கணினி, நாலு த்ரெட். கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். நாலு மடங்கு இல்லை. எட்டு த்ரெட் போட்டும் அதற்கு மேல் ஏறவில்லை. 15,000 திரான்சிற்றருக்கே இவ்வளவுதான் என்றால் என்னுடைய நாலைந்துக்கு என்ன கிடைக்கும்? அதுவும் என்னுடையவை பிஸிம் கூட இல்லை.

சரி, ஒரு வேலையைத்தானே நாலாகப் பிரிக்க முடியாது, நாலு வேலையை ஒரே நேரத்தில் விடலாமே என்று அடுத்த யோசனை. 36 சேர்க்கையும் ஒன்றை ஒன்று நம்பி இல்லை. முதலாவதன் விடை தெரியாமலேயே இரண்டாவது ஓடலாம். நாலு ஜன்னலைத் திறந்து நாலு சேர்க்கையை ஒன்றாக ஓடவிட்டேன்.

லெப்டொப் உறைந்துவிட்டது. மவுஸ் அசைய அரை நிமிஷம். ஹார்ட் டிஸ்க் லைட் அணையவே இல்லை. ஒன்றரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன், நாலில் ஒன்றுகூட முடியவில்லை. பிறகு கரண்ட் போனது, பற்றரியும் போனது. உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. வைவாவுக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

அடுத்த நாள் பகல் கரண்ட் இல்லாததால் செய்ய ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அன்றைக்கு முழங்கால் வலி. "தம்பி, மத்தியானம் மடுவத்துக்கு வந்து அந்தப் பைய மட்டும் தூக்கி வுடேன்" என்றார். போனேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொழுந்து மடுவம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையில் ஆளுக்கு ஒரு நிரை. பக்கத்து நிரையில் இருக்கிறவர் முடிக்கிறாரா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை, அவரவர் பாட்டுக்கு எடுக்கலாம். 30 பேர் இறங்கினால் 30 மடங்கு வேலை. ஆனால் எடுத்த கொழுந்தை நிறுக்க மடுவத்துக்கு வரவேண்டும். அங்கே தராசு ஒன்று. கணக்கப்பிள்ளை ஒருவர். புத்தகம் ஒன்று. 30 பேரும் ஒரே நேரத்தில் வந்து வரிசையில் நிற்பார்கள்.

அன்றைக்கு அம்மா வரிசையில் இருபத்திரண்டாவது ஆள். ஒருவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல். பையைத் தொங்கவிட்டு, முள் அசைந்து நிற்க வேண்டும், கழிவு கழிக்க வேண்டும், புத்தகத்தில் எழுத வேண்டும், தகராறு வந்தால் அதையும் பேசித் தீர்க்க வேண்டும். நாங்கள் அரை மணித்தியாலம் நின்றோம்.

"ஏம்மா, ஆளைக் கூட்டினா சீக்கிரம் முடியாதா?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான்.

"கொழுந்தெடுக்க ஆளக் கூட்டலாம். கூட்டினா இங்க வரிச கூடும். தராசு ஒண்ணுதானே கெடக்கு" என்றார்.

இதை 1967இல் ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியியலாளர் ஒரு மாநாட்டில் சொல்லியிருக்கிறார். அம்டால் விதி என்று கெம்பஸில் படித்து, சோதனையில் எழுதி, மார்க்ஸும் வாங்கியிருக்கிறேன். ஒரு வேலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பிரிக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை நாலு பேருக்குப் பிரித்தால் மொத்த வேகம் 2.5 மடங்கு. ஆயிரம் பேருக்குப் பிரித்தாலும் ஐந்து மடங்கைத் தாண்டாது. சமன்பாடாக எனக்குத் தெரியும். ஆனால் என் லெப்டொப்புக்குள் தராசு எது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவுக்குப் பின்னால் கொழுந்துப் பையோடு நிற்கும்போதுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் கணக்குப் போட்டேன், கரண்ட் இல்லாததால் பேனையால்தான். என்ஜிஸ்பைஸ் நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சுற்றில் இருக்கிற எல்லா முனைகளின் வோல்ட்டேஜையும் ஒவ்வொரு அடியிலும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். எனக்குச் சுமார் 60 அளவுகள். 40 இலட்சம் அடி, 60 அளவு, ஒவ்வொன்றுக்கும் எட்டு பைட். கிட்டத்தட்ட 1.9 ஜிகாபைட். நாலு ஜிபி ராமில் விண்டோஸும் ப்ரவுசரும் தின்றது போக மிச்சம் அவ்வளவு இல்லை. மிஞ்சினதைக் கணினி ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, திரும்ப எடுத்து, திரும்ப வைத்து அல்லாடியிருக்கிறது. நாலை ஒன்றாக விட்டபோது எட்டு ஜிபிக்குக் கிட்டக் கேட்டிருக்கிறது. அதுதான் உறைந்தது.

என் தராசு ப்ரொஸெசர் இல்லை, ஹார்ட் டிஸ்க். நான் தராசைப் பார்க்காமல் மலைக்கு ஆளை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி கரண்ட் வந்ததும் முதல் வேலையாக, எனக்குத் தேவையான நாலு அளவுகளை மட்டும் சேமி என்று ஒரு வரி எழுதினேன். ஜெனரேட்டர் வோல்ட்டேஜ், ஹீட்டர் மின்னோட்டம், சுழல் வேகம், கட்டுப்பாட்டு சிக்னல். நேரத்தையும் சேர்த்தால் 160 மெகாபைட். 40 நிமிஷம் 16 நிமிஷமாகியது. பிறகு திரான்சிற்றரைத் திறக்கிற சிக்னல் ஒரு நானோசெக்கனில் செங்குத்தாக ஏறுவதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு செங்குத்தாக ஏறினால் ஒவ்வொரு தரமும் என்ஜிஸ்பைஸ் தடுமாறி, எடுத்த அடியைக் கைவிட்டு, சின்ன அடியாகத் திரும்ப எடுக்கும். உண்மையான திரான்சிற்றர் அப்படி ஏறவும் மாட்டாது. 100 நானோசெக்கன் ஆக்கினேன். 11 நிமிஷம். இதுவரைக்கும் ஒரு கோர்தான், ஒரு த்ரெட்கூடக் கூட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் பங்கு பிரித்தேன். சின்ன ஸ்க்ரிப்ட் ஒன்று எழுதி, 36 சேர்க்கையையும் வரிசையில் வைத்து, எந்த நேரத்திலும் இரண்டு மட்டும் ஓடுகிற மாதிரிச் செய்தேன். ஒன்று முடிந்தால் அடுத்தது உள்ளே வரும். இரண்டு ஒன்றாக ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் 12 நிமிஷம் எடுத்தது. மொத்தம் 3 மணி 36 நிமிஷம்.

நாலு ஒன்றாக விட்டும் பார்த்தேன், இப்போது ராம் போதும்தானே. ஒவ்வொன்றும் 21 நிமிஷம் எடுத்தது, மொத்தம் 3 மணி 9 நிமிஷம். ஆளை இரண்டு மடங்காக்கி மிச்சம் பிடித்தது 27 நிமிஷம். டாஸ்க் மெனேஜர் நாலு கட்டம் காட்டினாலும் உண்மையான கோர் இரண்டுதான். ஒவ்வொரு கோரும் இரண்டு த்ரெட்டை மாறி மாறிக் கவனிக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு கூடையைக் கொடுத்த மாதிரி. ஒருவர் கை ஓய்கிற இடைவெளியில் மற்றவர் போடலாம், அவ்வளவுதான் லாபம். லெப்டொப்பின் அடிப்பக்கம் ரொட்டிக் கல் மாதிரிச் சுட்டது. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு சின்ன விஷயம் செய்தேன், அதுதான் கடைசியில் பெரிய விஷயமாகிப்போனது. ஒவ்வொரு சேர்க்கையும் முடிந்தவுடன் விடையைத் தனிக் கோப்பில் எழுதும். ஸ்க்ரிப்ட் திரும்ப ஓடும்போது கோப்பு இருந்தால் அந்தச் சேர்க்கையைத் தாண்டிப் போகும். கரண்ட் போனால் நஷ்டம் 12 நிமிஷம்தான். துண்டு துண்டாக வந்த கரண்டில், இரண்டு நாளில், 36ம் முடிந்தது. நல்ல விடை கொடுத்தவை ஐந்து. அந்த ஐந்தை வைத்துத்தான் வைவா செய்தேன்.

பிறகு ஆர்வத்தில் தேடி வாசித்தபோது தெரிந்த ஒன்று. சுற்றுகளின் தாயங்களைத் தீர்க்க கே.எல்.யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டிமோதி டேவிஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து அதில் வேலை செய்து 2005இல் முதுகலை ஆய்வேடு எழுதியவர் ஏகநாதன் பாலாமடை நடராஜன். பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம், எங்கள் ஆள் மாதிரி. கே.எல்.யூவில் உள்ள கே, சூப்பர்மேன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒஃபிஸுக்குப் போகும்போது வைத்திருக்கிற கிளார்க் கென்ட் என்ற பெயரில் இருந்து வந்தது. சூப்பர் எல்.யூ என்று வேறொரு பலசாலி நிரல் இருக்கிறது, அதற்கு முன்னைய எளிய முறைதான் இது. சுற்றுகளின் தாயத்தில் முக்கால்வாசிக்கு மேல் பூச்சியம், அங்கே பலசாலி வித்தைகளுக்குப் பெரிய வேலை இல்லை. ஒரே கோரில் ஓடுகிற இந்தச் சாதுவான ஆளே ஜெயித்துவிடுகிறார். இப்போது என்ஜிஸ்பைஸிலும் இதைப் பாவிக்கலாம். அமெரிக்காவின் ஸாண்டியா ஆய்வுகூடத்தில் எழுதிய ஸைஸ் என்ற சிமுலேட்டர் ஒரே சுற்றையே பல ப்ரொஸெசர்களுக்குப் பிரித்து ஓட்டும். அது இலட்சக்கணக்கான பாகங்கள் உள்ள சுற்றுக்கு. உங்களுடையது என்னுடையதைப் போல சின்னச் சுற்றும் நீண்ட நேரமும் என்றால் அது உதவாது. ஒரு நொடியின் விடை இல்லாமல் அடுத்த நொடியைக் கணக்குப் பார்க்க முடியாது, எத்தனை ஆயிரம் கோர் இருந்தாலும்.

தோட்டத்தில் இருந்து படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கெம்பஸில் நல்ல மெஷின் வைத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்து நான் நிறைய நாள் குமைந்திருக்கிறேன். எட்டுக் கோர் இருந்தால் நானும் செய்திருப்பேன் என்று. அது முழுப் பொய் இல்லை. ஆனால் என் 24 மணி நேரத்தைக் குறைத்ததில் பெரும் பங்கு இரண்டு வரித் திருத்தத்துக்கு. கோர் தந்தது கடைசி இரண்டு மடங்கைக் கொஞ்சம் குறைவாக. முதலில் ஒரே ஒரு சேர்க்கையை ஓட்டி, அது எங்கே காத்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். ராம் எவ்வளவு தின்கிறது, டிஸ்க் லைட் எரிகிறதா, தேவையில்லாத எதையாவது சேமிக்கிறதா என்று பாருங்கள். ஆளைக் கூட்டுவது அதற்குப் பிறகு.

நான் மடுவத்தையும் கோரையும் ஒன்றாக வைத்துப் பேசியது ஒரு இடத்தில் சரிவராது. கோர் காத்திருந்தால் சும்மா நிற்கும், அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. அம்மா வரிசையில் காத்திருக்கிற அரை மணித்தியாலம் அவருடைய சாப்பாட்டு நேரத்தில் இருந்து போகிறது. அந்த நேரத்துக்கு யாரும் பேர் போடுவதில்லை.

வைவா பாஸ். ஆற்றோரத்து டர்பைன் இன்னும் அப்படியேதான் துருப்பிடித்துக் கிடக்கிறது, என் சுற்று அறிக்கையில்தான் இருக்கிறது. போன முறை வீட்டுக்குப் போனபோது மடுவத்தில் டிஜிட்டல் தராசு வந்திருந்தது. ஆள் கூடவில்லை, தராசுதான் மாறியிருக்கிறது.

"எப்படிம்மா, இப்ப சீக்கிரம் முடியுதா?"

"முந்தி அர மணித்தியாலம் நிப்போம். இப்ப பத்து நிமிஷந்தான். சோத்த ஒக்காந்து திங்கலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கழிவ மட்டும் அதே மாதிரிதான் கழிக்கிறாங்க. அதுக்கு ஒரு மெஷின் இருந்தா பாரு" என்றார்.